இரண்டு செட் டயரும் என் வலது காலும்

எங்கள் முன்மண்டபத்தில் எட்டு டயர்கள் ஒரு கிழமையாகக் கிடந்தன. நாலு ஒரு வகை, நாலு இன்னொரு வகை. ரோட்டிலும் ஓடலாம், ட்ராக்கிலும் ஓடலாம் என்று விற்கிற சாதி. மனைவி அவற்றைச் சுற்றிக் கூட்டினாள். ரப்பர் மணம் சோற்றிலும் வருகிறது என்றாள். வந்ததுதான். எனக்கு அதில் சந்தோஷமும் இல்லை, சலிப்பும் இல்லை.

டயர்கள் அவளை ராத்தா என்று கூப்பிடுகிற தம்பிக்கு. அடுத்த மாதக் கார்ப் போட்டியில் எதைப் போட்டு ஓடுவது என்று நான் சொல்ல வேண்டும். பல வருடமாக அப்படித்தான். அவன் வேகமாக ஓட்டுவான். நான் சரியாக உணர்வேன். டயர் பிடி விடப்போவது, விடுவதற்கு முன்னமே என் உள்ளங்காலுக்குத் தெரியும். பெடலில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு நடுக்கம், அவ்வளவுதான். "மச்சான்ட காலுக்கு நாக்கு இரிக்கி" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான். நானும் அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தக் காலைச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, மெல்ல மெல்லத் தின்றது. நோன்புக்கு முந்தின ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வெளியே வந்தோம். பள்ளிவாசல் முற்றத்துச் சீமெந்து கொதித்தது. எல்லோரும் துள்ளித் துள்ளிச் செருப்பைத் தேடி ஓடினார்கள். நான் நடந்தேன். "என்ன காக்கா, ஏசிக்குள்ள நடக்கிற மாதிரி நடக்கிறீங்க!" என்று தம்பி முறையான ஒருவர் கத்தினார். சிரித்தேன். வீட்டில் சொல்லவில்லை. மச்சானுக்கும் சொல்லவில்லை.

டயர்களை ஓட்டிப் பார்ப்பதற்கு முதல் நாளே புறப்பட்டோம். சம்மாந்துறை வயல்களைத் தாண்டும்போதும் அவன் கதைத்துக்கொண்டே வந்தான். நான் ஓம் ஓம் என்றேன். மறுநாள் காலை நாட்டின் மறுகரையில், ட்ராக்கில் நின்றோம். கடைசி வளைவின் வெளிப்பக்கம் ஒரு சீமெந்துச் சுவர். அதில் பல நிறப் பெயின்ட் உரசல்கள்.

ஒரே கார், ஒரே காற்றழுத்தம், ஒரே ஆள்; வகைக்கு எட்டுச் சுற்று. முதல் வகை சட்டென்று சூடாகிப் பிடிக்கும், களைத்தால் சொல்லாமல் விடும் என்பார்கள். இரண்டாவது பிடிக்க நேரமெடுக்கும், விடுமுன் கத்தும் என்பார்கள். அது உண்மையா என்று சொல்வதுதான் என் வேலை.

முதல் வகையில் எட்டுச் சுற்று ஓடினேன். வளைவுகள் வந்தன, போயின. யாரோ ஓட்டுகிற காரை யாரோ பார்ப்பதுபோல் இருந்தது.

இறங்கி, சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்போடு இரண்டாவது வகை டயர்ச் சில்லுகளை மாற்ற உதவினேன். காற்றுப் பார்த்தபோது ஒரு வால்வ் மூடியைக் காணவில்லை. மச்சான் முழங்காலில் தவழ்ந்து தேடினான்.

"ஜின் தூக்கிட்டுப் போயிட்டு போல. எங்கட ஜின்னுக்கும் கார் இரிக்கி மச்சான்."

சப்பாத்தை மாட்டிக்கொண்டு இரண்டாவது வகையிலும் எட்டுச் சுற்று. அதுவும் அப்படியே.

"எது மச்சான்?"

அவன் கையில் இருந்த நேரக் கணக்கில் முதலாவதுதான் வேகம். "முதலாவது" என்றேன். "கடைசி வரைக்கும் பிடிச்சு நிண்டது."

அவன் சந்தேகப்படவே இல்லை. "அப்ப அதப் போட்டு நான் ஒருக்கா முழு வேகத்தில போய்ப் பாக்கிறன்." ஜாக்கைத் தூக்கினான்.

நான் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். வால்வ் மூடி விழுந்தது. காலுறையின் அடியில் ரத்தம். அந்தக் காலால்தான் கடைசி எட்டுச் சுற்றும் பிரேக் அடித்தேன்.

அவன் முதுகைக் காட்டியபடி நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தான். மூடியைப் புல்லுக்குள் எறிந்திருக்கலாம். நான் சுவரைப் பார்த்தேன். அந்த உரசல்களில் ஒன்று வெள்ளை. எங்கள் காரும் வெள்ளை.

"மச்சான், இந்தா மூடி."

"எங்க கிடந்த?"

"சப்பாத்துக்குள்ள."

சிரிக்கத் தொடங்கினான். காலுறையைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. "இதோடயா ஓடினீங்க? நோவலையா?"

"நோவலை. நான் சொன்னது பொய். ரெண்டு டயரும் எனக்கு ஒண்டுதான். காலுக்கு ஒண்டும் தெரியிறதில்ல."

அவன் ஏசவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் பாதத்தைக் கழுவினான். விரல்களுக்கிடையே அவன் விரல் போவதைப் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் முடிந்தது.

"ராத்தாக்குத் தெரியுமா?"

"இல்ல."

கைலேஞ்சித் துணியால் காலைக் கட்டினான். பிறகு மூடியை அதன் வால்வில் திருகினான். "நான் ஓட்டுறன். நீங்க பக்கத்தில ஏறுங்க. கால்தானே போயிட்டு, காது இரிக்கிதானே."

ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் டயர் மெல்ல முனகியது. ஆறாவது சுற்றில், சுவருக்கு முந்தின திருப்பத்தில், முனகல் சட்டென்று இல்லாமல் போயிற்று.

"விடு! காலை எடு!"

எடுத்தான். கார் அகன்று போய், சுவருக்கு ஒரு முழம் இப்பால் திரும்பியது.

ஓரத்தில் நிறுத்தினான். "கடைசி வரைக்கும் பிடிச்சு நிண்டதாம்" என்றான். பிறகு கைபேசியை எடுத்து, ராத்தாவை அழைத்து, என் காதில் வைத்தான்.

"எந்த டயர் நல்லமாம்?" என்றாள் எடுத்தவுடன்.

"ரெண்டாவது" என்றேன். "இன்னொண்டும் சொல்லணும்."