தரை ஆடினால் ஓடுகிறவர்கள்

சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீடுகளுக்கு அடியில், வெகு ஆழத்தில், தங்கச் சுரங்கத்துக்குள் சில சமயம் பாறை வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்போம். தரை ஆடும், பாத்திரங்கள் உருளும். உடனே பெண்கள் அடுப்பைக்கூட அணைக்காமல், ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். யார் வீட்டு ஆள் கீழே இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. எல்லா வீடும் ஓடும்.

அந்த வருஷம் ஊரே கெட்டுக் கிடந்தது. எங்கள் மாதா தேரும் அவர்களுடைய அம்மன் தேரும் ஒரே சாயங்காலம் ஒரே தெருவுக்குள் வந்துவிட்டன. யாரும் வழி விடவில்லை. மாதாவும் அம்மனும் பேசாமல்தான் நின்றார்கள். கல்லை எறிந்ததெல்லாம் மனுஷர்கள். எங்கள் ஜன்னல் போயிற்று. குழாயடியில் காலை அவர்களுக்கு, சாயங்காலம் எங்களுக்கு என்றானது. தன் பிள்ளைகளோடு உட்கார வைத்து எனக்குச் சோறு ஊட்டிய எதிர்வீட்டு அத்தை, அம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லண்டனிலிருந்து அம்மாவின் அண்ணன் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போய்விடலாம் என்றார் அப்பா.

"நான் வர்ல. நாலு நாள் போனா அவளே வந்து பேசுவா, பாருங்க," என்றாள் அம்மா.

அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். ஒரு மத்தியானம் தரை ஆடியது. கேழ்வரகு மாவு பிசைந்த கையோடு அம்மா ஓடினாள்; பின்னால் நான். எதிர்வீட்டு அத்தையும் ஓடி வந்தாள். அவள் புருஷனும் அதே ஷிப்டில் இருந்தார். ஷாஃப்ட் வாசலில் அத்தனை கூட்டம். அடேயப்பா, ஒரு குழந்தைகூட அழவில்லை! கல்லெறிந்த கைகளெல்லாம் அங்கேதான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. அத்தை அம்மாவின் மாவுக் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தது. வந்தவர்கள் எல்லாரும் தலையிலிருந்து கால்வரை ஒரே சாம்பல் நிறம். நெற்றியில் விபூதியா, கழுத்தில் சிலுவையா, ஒன்றும் தெரியவில்லை. பெற்ற அப்பாவையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. எதிர்வீட்டு மாமாவின் தோளில் சாய்ந்து நொண்டிக்கொண்டு வந்தவர்தான் அப்பா. சண்டை தீர்ந்தது, இனி எங்கேயும் போக வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலையிலேயே அம்மா குடத்தோடு குழாயடிக்குப் போனாள்.

"இது எங்க டைமு," என்றாள் அத்தை, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அம்மா காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள். "போயிடலாங்க. நேத்து கைய புடிச்சிக்கினு நின்னவ இன்னிக்கு மூஞ்ச திருப்பிக்கினா. கல்லு பட்டாகூட தாங்கிக்குவேன். இத தாங்க முடியல."

லண்டனில் வீட்டுக்கு அடியில் ரயில் ஓடும் என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. போன புதிதில் ஒரு காலை தரை ஆடியது, தட்டுகள் கிடுகிடுத்தன. அப்பா எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு பனியில் ஓடினாள் அம்மா! நானும் ஓடினேன். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றாள். தெரு நெடுக மூடின கதவுகள்.

"இன்னாடி ஊரு இது? ஒருத்தர்கூட வெளிய வர்ல."

எதிர்வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அவளா இருந்தா வந்திருப்பாடி."