கிளட்ச் அவர், கியர் நான்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸும் கிடையாது. ஆனால் தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போது நாலாவது கியரிலிருந்து மூன்றுக்கு எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்பது என் வலது கைக்குத் தெரியும். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். கியர் போடுவது ஓட்டுகிறவர் வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் வேலை தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பதும், 'மெதுவாப் போங்க' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வதும்தான். எங்கள் காரில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

எல்லாம் என் கணவரின் இடது தோளால் வந்தது. ஒரு நாள் காலையில் சட்டைக்குள் கையை நுழைக்க முடியாமல் அலமாரி முன்னால் அப்படியே நின்றார். டாக்டர் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்றார். நாளாகும், பயிற்சி செய்தால் சரியாகும் என்றார். வலது கை நன்றாக இருந்தது, கால்கள் நன்றாக இருந்தன. கியர் வரைக்கும் இடது கையை நகர்த்தினால் மட்டும் உயிர் போகிற வலி. சரி, கொஞ்ச நாளைக்கு ஆட்டோவில் போவோம் என்றால் கேட்கிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஆட்டோவில் போய் இறங்கினால் வாசலில் நிற்கிற ஒவ்வொருவரும் என்ன ஆச்சு என்று கேட்பார்களாம். இவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முடிச்சூர் சாலையில் வண்டி முதல் கியரில் உறுமிக்கொண்டு போகும்போது, "ரெண்டு போடு" என்றார்.

"எதை?"

"கியரைத்தான். நான் கிளட்ச்ச மிதிக்கிறேன். நீ பின்னால இழு."

இழுத்தேன். மிக்ஸிக்குள் ஸ்பூன் விழுந்த மாதிரி ஒரு சத்தம். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கால் கீழ போனப்புறம் இழும்மா!"

"உங்க காலையே பாத்துக்கிட்டு உட்காந்திருக்கணுமா நானு?"

பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் பாடம் நடத்திவிட்டு ஓய்வுபெற்றவள், பழுப்பு நிறச் செருப்புக்குள் இருக்கும் ஓர் இடது காலைப் பார்த்துப் பாடம் படித்தேன். என் பக்கம் சாய்த்து மேலே தள்ளினால் ஒன்று, அப்படியே பின்னால் இழுத்தால் இரண்டு. நடுவில் மேலே மூன்று, கீழே நான்கு. அவர் முழங்கால் பக்கம் தள்ளி மேலே போனால் ஐந்து. முதலில் ஒவ்வொன்றையும் அவர் வாய்விட்டுச் சொன்னார். பிறகு 'ம்' என்பார். பிறகு அதுவும் நின்றுபோனது. இன்ஜின் சத்தம் கனத்து வரும், அவர் கால் இறங்கும், என் கை போய்விட்டிருக்கும்.

அந்தக் காலத்தில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொல்லியாக வேண்டும். மகள் கல்யாணமாகிப் பள்ளிக்கரணையில் ஓர் அடுக்கு மாடி வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டோம். சண்டை சச்சரவு எதுவும் இல்லை; பேச்சும் இல்லை. மோட்டார் போட்டாச்சா, பால் வந்துச்சா, கேட்டைப் பூட்டினீங்களா. அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். அவர் ஹாலில், நான் உள் அறையில். டிவி மட்டும் ஓயாமல் யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்.

காருக்குள் வந்தால் அது கலைந்துவிடும். சாயங்காலங்களில் மகள் வீட்டுக்குப் போவோம். சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் என்று நெரிசலில் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாற்றிக்கொண்டே போவோம். கியரின் குமிழ் உள்ளங்கைக்குள் வெதுவெதுப்பாக நடுங்கிக்கொண்டிருக்கும். சதுப்பு நிலம் வந்ததும் சாலையின் ஒரு பக்கம் திடீரென்று வானமாகிவிடும். தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே நாரைகள் அசையாமல் நிற்கும். அந்த வெளிச்சத்தில் நான் பாதி தூக்கத்தில் இருப்பேன். கண் சொக்கும், கை மட்டும் விழித்திருக்கும். இரண்டிலிருந்து மூன்றுக்கு எப்போது மாற்றினேன் என்று எனக்கே தெரியாது. வண்டி தண்ணீரின் மேல் போவது போல இருக்கும். என் வாழ்க்கையில் நான் மிகவும் நிம்மதியாக இருந்த நேரங்கள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன்.

அப்போதுதான் அவர் பேசுவார். வீட்டில் ஒருநாளும் பேசாத விஷயங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் வண்டியில்தான் ஓட்டப் பழகினாராம். அதில் கியர் தரையில் இருக்காதாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்குமாம். முன் சீட் பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும், மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். வண்டி முழுசாக நின்றால்தான் முதல் கியர் விழும். நிற்காமல் போட நினைத்தால், கிளட்ச்சை ஒரு முறை மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடியும் மிதிக்க வேண்டும். அதற்கு ஒரு நிதானம் வேண்டும் என்பார். பிறகு கியர் தரைக்கு வந்தது, நான்கு கியர் வந்தது. அதன்பின் ஐந்து. எந்த வேகத்திலும் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. இப்போது ஆறு கியர்கூட இருக்கிறதாம். சில வண்டிகளில் கேஸ் அடுப்பைத் திருகுவது மாதிரி ஒரு வட்டக் குமிழ்தானாம்.

"அப்ப கை எங்க வெச்சிக்குறது?" என்று கேட்டேன்.

"மடியில வெச்சிக்க வேண்டியதுதான்" என்றார்.

எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஐந்தாவது கியருக்கு இடமே கிடையாது. அதற்காகவே சில நாள் வேலை எதுவும் இல்லாமல் வெளிவட்டச் சாலைக்குப் போவோம். ஐந்து விழுந்ததும் இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கும். குமிழ் அவர் முழங்காலைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். நான் கையை எடுக்க மாட்டேன். எடுக்க அவசியம் இல்லையே!

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். பால்கனியில் ஸ்டூல்மேல் ஏறி நின்று ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தார். இடது கை தலைக்கு மேல் நேராக நீண்டு, கொக்கியைப் பிடித்திருந்தது. முகத்தில் வலியின் சாயல்கூட இல்லை. பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அட மனுஷா! என்னை இழுக்கவும் தள்ளவும் வைத்துவிட்டு இங்கே ஸ்டார் கட்டுகிறீரா? ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறியதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் பார் என்று மனசுக்குள் வசனம் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கதவைச் சாத்தினார், சாவியைத் திருகினார். அவர் கால் இறங்கியது. என் கை தானாகப் போய் முதல் கியரைப் போட்டது. வண்டி கேட்டைத் தாண்டியது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'ஆமா, சரியாயிடுச்சு' என்று சொல்லி அவர் கையை நீட்டுவார். நான் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருக்கும் அந்த மௌனம் காருக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அது பயமாக இருந்தது. அவர் ஏன் சொல்லாமல் இருக்கிறார் என்பதும் புரியவில்லை. சோம்பேறித்தனமா, வேறு ஏதாவதா? சோம்பேறித்தனம்தான் என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் கேட்காமலே இருந்தேன். அந்தப் பொய்யில் நாங்கள் இருவரும் பாதிப் பாதி.

இந்த வருஷம் மகள் பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தாள். "அப்பா, இந்த டிராஃபிக்ல கிளட்ச்ச மிதிச்சே முட்டி தேஞ்சிடும். ஆட்டோமேட்டிக் மாத்திடலாம்." எங்கள் ஏற்பாடு அவளுக்குத் தெரியாது, எங்களோடு வரும்போதெல்லாம் அவளேதான் ஓட்டுவாள். அவர் மழுப்பிப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை எங்களை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஷோரூமில் இருந்த பெண் நன்றாகப் பேசினாள். "கியரைப் பத்தி நீங்க யோசிக்கவே வேணாம் சார், டி-யில விட்டுட்டீங்கன்னா எல்லாம் அதுவே பாத்துக்கும்." ஓட்டிப் பார்க்க அவர் உட்கார்ந்தார். முன் சீட்டில் அந்தப் பெண்தான் உட்கார வேண்டுமாம். நான் முந்திக்கொண்டு ஏறிவிட்டேன். அவளும் மகளும் பின்னால் உட்கார்ந்தார்கள்.

வண்டி சத்தமே இல்லாமல் போனது. நல்ல வண்டிதான், குறை சொல்ல முடியாது. குலுக்கல் இல்லை, உறுமல் இல்லை. என் கை மடியில் கிடந்தது. அவர் சாலையைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒருவரும் பேசவில்லை. இனிமேல் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேம்பாலத்தில் ஏறினோம். பாதி ஏற்றத்தில், பழைய காரில் மூன்றுக்கு மாற்றுகிற அதே இடத்தில், இன்ஜின் சத்தம் லேசாகக் கனத்தது. அவ்வளவுதான். கிளட்ச் என்று நினைத்து அவருடைய இடது கால் ஓங்கி இறங்கியது. அங்கே இருந்தது பிரேக். அதே நொடியில் என் கை பாய்ந்து கியரை மேலே தள்ளியது. அது நியூட்ரலுக்குப் போனது. வண்டி பாலத்தின் நடுவில் தலையை ஆட்டிவிட்டு நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. ஓர் ஆட்டோக்காரர் உரசுகிற மாதிரி வந்து நிறுத்தி, "இன்னா சார், பாலத்து மேல குடித்தனம் வெச்சிகினு கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"மேடம், கியர்ல கை வெக்காதீங்க!" என்றாள் ஷோரூம் பெண்.

"அம்மா, நீ ஏம்மா கியரத் தொடுறே?" என்றாள் மகள்.

"அப்பாவுக்குத் தோள் வலி இல்ல? நான்தான் எப்பவும் போடுவேன்" என்றேன்.

"தோள் வலியா? அது சரியாயி எவ்ளோ நாளாச்சு! போன வாரம்கூட எங்க வீட்ல கொழந்தையத் தூக்கித் தோள்மேல வெச்சிக்கிட்டு ஃபேன் காட்டினாரே. உனக்குத் தெரியாதா?"

 அவர் காது மடல்கள் சிவந்திருந்தன.

"தெரியும்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். பின்னால் அத்தனை ஹாரன் அடிக்கும்போது நிதானமாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"நீங்க ஸ்டார் கட்டினதுலேர்ந்து."

"அப்ப ஏன் நீ..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க ஏன் சொல்லல?" என்று நான் கேட்டேன். கேட்கவே கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்த கேள்வி.

அதற்குள் பின் சீட்டிலிருந்து அந்தப் பெண், "சார், பிரேக்க மிதிச்சிக்கிட்டு டி-யில போடுங்க சார், ப்ளீஸ்" என்றாள். அவர் பிரேக்கை மிதித்தார். இடது கை சும்மாதான் இருந்தது, கியருக்கு வரவில்லை. என் கையைப் பார்த்தார். நான் கியரைப் பின்னால் இழுத்தேன். வண்டி நகர்ந்தது.

பாலத்திலிருந்து இறங்கி, திருப்பிக்கொண்டு, ஷோரூம் வந்து சேர்ந்தோம். அந்தப் பெண் இறங்கி அவர் பக்கக் கதவைத் திறந்து, சிரித்த முகத்தோடு, "வண்டி எப்படி சார் இருக்கு?" என்று கேட்டாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கும்மா" என்றார் என் கணவர். "ஆனா நாங்க ரெண்டு பேர் சேந்து ஓட்டுறவங்க. இதுல ஒருத்தருக்குத்தான் வேலை இருக்கு."