கைகுலுக்கல் நோட்டு

சோற்றுப்பசைக்கு ஒரு புளித்த வாடை உண்டு. மத்தியானச் சோற்றில் ஒரு பிடி எடுத்துக் கொட்டாங்கச்சியில் போட்டு, கட்டைவிரலால் கட்டியில்லாமல் மசித்தால் பசை தயார். மறுநாளே புளிக்கத் தொடங்கிவிடும். என் பதினோராவது வயதை நினைத்தால் முதலில் அந்த வாடைதான் வருகிறது. மற்ற பிள்ளைகள் நடிகர் படமும் கிரிக்கெட் வீரர் படமும் ஒட்டிக்கொண்டிருந்த வயதில், நானும் என் தோழி அமலியும் நம் நாட்டுத் தலைவரும் இலங்கைத் தலைவரும் கைகுலுக்கும் படங்களைத் தேடித்தேடி வெட்டி ஒரு நூறு பக்க நோட்டில் ஒட்டினோம். எங்கள் இருவரின் அப்பாக்களும் அப்போது இலங்கையில் சிறையில் இருந்தார்கள்.

என் அப்பா தூத்துக்குடியில் ஒரு விசைப்படகின் டிரைவர். போனால் ஐந்தாறு நாள் கழித்துத் திரும்பும் 'தங்குகடல்' படகு அது. அமலியின் அப்பா சூசை மாமா அதே படகில் வலை இழுப்பவர். இன்னும் ஏழு பேர் உண்டு. ஒரு வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், எல்லை தாண்டிவிட்டார்கள் என்று ஒன்பது பேரையும் இலங்கைக் கடற்படையினர் படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடலில் கோடு கிழித்தா வைத்திருக்கிறது என்று தெருப் பெண்கள் வாய் ஓயாமல் கேட்டார்கள். அம்மா எதுவும் கேட்கவில்லை. விடியுமுன் வரும் வேனில் ஏறி இறால் கம்பெனிக்குப் போய், ஐஸில் விறைத்த விரல்களோடு பொழுது சாய்ந்து வருவாள். நான் ஒற்றைப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறப்பேன். உள்ளே இருக்கும் அமைதி பிடிக்காமல் பையை மட்டும் எறிந்துவிட்டு, மறுபடியும் பூட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போய்விடுவேன்.

தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கடலில் கால்கூட நனைத்தவரில்லை. ஆனால் இரண்டு நாட்டு வெளியுறவும் அவருடைய கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் நடந்தது. மூன்று பேப்பர் வாங்குவார், மூன்றையும் சத்தமாக வாசிப்பார், பிறகு பருப்பு மடிக்கக் கிழிப்பார். கிழிக்குமுன் எங்களுக்கு வேண்டிய கைகுலுக்கும் படத்தை வெட்டித் தருவார், பழைய பேப்பர் கட்டிலும் தேடித் தருவார். "நம்மாளு அங்கன போனாலும் சரி, அந்தாளு இங்கன வந்தாலும் சரி, சும்மா வர மாட்டாவ. நல்லெண்ணம்னு சொல்லி நம்ம ஆளுவள விட்டுருவாவ. நீ பயப்படாத மக்கா" என்பார். அது வெறும் ஆறுதல் இல்லை, வழக்கமே அப்படித்தான் இருந்தது. முந்தைய பயணத்தின்போது அடுத்த தெருவுக்கு மூன்று பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். ஊரெல்லாம் காலண்டரில் முகூர்த்த நாள் பார்த்தபோது, தலைவர்கள் எப்போது விமானம் ஏறுவார்கள் என்று எங்கள் தெரு பார்த்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும், அந்தப் பயணத்தில் எத்தனை பேர் விடுதலையானார்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டு அமலி சிவப்புப் பேனாவால் எழுதுவாள். உதட்டை மூடிச் சிரித்த படத்துக்கு மூன்று, பல் தெரியச் சிரித்த படத்துக்குப் பதினொன்று என்று வந்ததும், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சட்டம் கண்டுபிடித்துவிட்டோம். பல் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு பேர் வருவார்கள். அதன்பிறகு நான் ஜெபத்தில் அப்பா வர வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர்கள் நன்றாகச் சிரிக்க வேண்டும் என்றே கேட்கத் தொடங்கினேன்.

ஒருமுறை அங்கே ஏதோ தேர்தல் என்று பயணம் தள்ளிப்போனது. பேப்பரில் மூன்றே வரி. அன்றைக்கு அம்மா உலை வைக்கவில்லை.

கடைசியில் நம் தலைவர் போனார். அண்ணாச்சி கடையில் மிளகாய் மூட்டைக்கு மேல் இருந்த டிவியில் தெருவே பார்த்தது. விமானப் படிக்கட்டில் இறங்கினார், கைகுலுக்கினார்கள், பல் தெரிந்தது, அதோடு நிற்காமல் கட்டியும் பிடித்துக்கொண்டார்கள். நோட்டில் அப்படி ஒரு படம் எங்களிடம் இல்லவே இல்லை. அமலி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏளா, கட்டிப் புடிக்காவ பாத்தியா. எல்லாரும் வந்துருவாவ."

மறுநாள் பேப்பரில் பெயர்கள் வந்தன. அண்ணாச்சி ஒவ்வொரு பெயராக நிறுத்தி வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு பெண் அழுதாள். எட்டாவது பெயரோடு பேப்பரை மடித்துவிட்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "டிரைவரு கேசு தனியாம் மக்கா. படக ஓட்டுனவருக்குத் தண்டன உண்டாம். பொறவு வருவாருன்னு போட்டிருக்கு" என்றார். தேன்மிட்டாய் பாட்டிலைத் திறந்து இரண்டு எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

நான்காம் நாள் எட்டு பேரும் வேனில் வந்து இறங்கினார்கள். மாலை, கேமரா, பெண்களின் குலவைச் சத்தம். எங்கள் வீட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சூசை மாமா தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், கழுத்து மாலையோடு நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் அமலி, நோட்டோடு.

"அண்ணன் ஜட்ஜுகிட்ட ஒரே சொல்லா சொல்லிட்டாரு. 'நான்தான் ஓட்டுனேன், இவனுவ வலய இழுத்தத தவிர ஒண்ணும் அறியமாட்டானுவ'ன்னு. நாங்க வாயே திறக்கல" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அம்மா, "உள்ள வாங்கண்ணே, காப்பி குடிங்க" என்றாள். அவர் படியேறவில்லை.

எனக்கு அப்பாமேல் அப்படிக் கோபம் வந்தது. அவர் கடல் தாண்டி இருந்ததால் அது எதிரே நின்றவள்மேல் பாய்ந்தது. அமலி நோட்டைத் திறந்து, கட்டிப்பிடித்த படத்துக்குக் கீழே எட்டு என்று எழுதியிருந்ததைக் காட்டினாள். "உங்க அப்பாவ அங்கன வச்சிக்கிட்டு எங்க அப்பாவ விட்டுருக்கலாம்" என்றேன். அமலியின் முகம் சுண்டிப்போயிற்று. சூசை மாமாதான் பதில் சொன்னார். "ஆமா மக்கா" என்றார். அமலி நோட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

அதற்குப் பின் பத்து மாதம். அண்ணாச்சி படம் வெட்டி வைத்திருப்பார் என்று தெரிந்தே, வேறு தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போய் வந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, எந்தத் தலைவரும் எங்கும் போகாத ஒரு நாளில், நான் திரும்பி வந்தபோது வீட்டுப் பூட்டு திறந்திருந்தது. அப்பா உள்ளே தரையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். விமான நிலையத்திலிருந்து யாருக்கும் சொல்லாமல் பஸ் பிடித்து வந்திருந்தார். பாதி ஆளாக இருந்தார். "இத்தன பேரு சிரிச்சிருக்காவளே" என்று அதிசயமாகச் சொன்னார்.

"ஏன்பா அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது.

"ஓட்டுனது நான்தான, மக்கா."

அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை, இன்றும் போதவில்லை.

இப்போது நான் முத்தையாபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அப்பா கடலை விட்டு நெடுநாளாகி என்னோடு இருக்கிறார். அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். நோட்டைக் கரப்பான் தின்றுவிட்டது, சோற்றுப்பசை அதற்குப் பிடிக்கும். அமலி நர்ஸ் படிப்பு முடித்து ஏதோ வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி. அதன்பிறகும் ஒரே வகுப்பில் ஐந்து வருடம் இருந்தும் அந்த ஒரு பேச்சுக்காக நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

போன வாரம் மறுபடி ஒரு பயணம். போனில் படம் வந்தது, அதே படிக்கட்டு, அதே கைகுலுக்கல். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார்.

"எத்தன பேர விடுதாவளாம்?"

"பதினாலு பேருப்பா."

"அதுல டிரைவரு உண்டா?"

செய்தியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். "அதெல்லாம் போடலப்பா" என்றேன்.

அப்பா போனைத் திருப்பித் தந்தார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "சூசைக்க மவ இப்ப எங்கனளா இருக்கா?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள், கேட்கத்தான் எனக்கு முகமில்லை.