தலையணை போன இடம்

பாட்டுக்காரனோடு ஓடிப்போனாளாம்! சொல்கிற வாய்க்குக் கொஞ்சம் வெட்கம் வேண்டாமா? அந்தப் பாட்டுக்காரனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மேடைக்கு இருக்கிற நாலு படி ஏற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டால்தான் மனுஷனுக்குத் தூக்கமே வரும். அவனோடு எப்படி ஓடுவது? அவனைத் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

நீங்கள் ஓடினாள் என்கிறவள் என் மருமகள். மாமியார் நானே சும்மா இருக்கும்போது எதிர்வீட்டுத் தையல்காரிக்கு என்ன வந்தது? "சாயங்காலம் ஆனா தலையணையும் கையுமா கெளம்பிடறா, என் கண்ணால பாத்தேன்" என்று தெரு முழுக்க அளந்துவிட்டிருக்கிறாள். பார்த்தது நிஜம். தலையணையும் நிஜம். அது எங்கே போனது என்று கேட்க மட்டும் உங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. சொல்கிறேன், நடுவில் வாயைத் திறக்காமல் கேளுங்கள்.

முதலில் என் மகன். ஆற்றோர ஹோட்டலின் நடனக் கூடத்தில் டிரம்ஸ் வாசிக்கிறவன். 'மின்னல்' என்று பட்டப்பெயர். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம், கையில் குச்சி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. பெற்றவள் நான், அதை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மின்னல் வெட்டினால் ஜன்னலைச் சாத்துவோமே தவிர எதிரே உட்கார்ந்து தாளமா போடுவோம்?

வீட்டில் சத்தம் வராமல் பழக ஒரு ரப்பர் தட்டு வைத்திருக்கிறான். பக்கத்தில் டிக் டிக் என்று ஒரு சின்னப் பெட்டி. காலையில் பல் தேய்த்த கையோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவான். பெட்டியின் வேகத்தைக் கூட்டுவான், எட்டிப் பிடிப்பான், மறுபடி கூட்டுவான். சத்தமே வராத தட்டில் அடித்து அடித்துக் கை இரண்டும் வித்தை கற்றுக்கொண்டுவிட்டன. காதுக்குத்தான் வேலை இல்லாமல் போய்விட்டது. மேடையில் பாட்டுக்காரன் ஒரு வரி பாடிவிட்டு மூச்சு வாங்குவான் இல்லையா, அந்த இடத்தை இவன் ஓட்டை என்று நினைத்துக்கொள்வான். உடனே கைக்கு வந்த வித்தையை எல்லாம் கொட்டி அடைப்பான், பாத்திர மூட்டை மாடிப்படியில் உருளுகிற மாதிரி. ஆடுகிறவர்கள் கால் தடுமாறி நின்று, கைதட்டுவார்கள். அதில் இவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. ஆட வந்தவனை நிற்க வைத்ததில் என்ன பெருமையோ!

கல்யாணமான புதிதில் பெண்டாட்டிக்கும் சொல்லிக்கொடுத்தான். ஆசையினால் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவள் குச்சி பிடிக்கப் பழகினாள், காலால் மிதிக்கிற பெரிய டிரம்மையும் பழகினாள். வாயை மட்டும் பிளக்கவில்லை.

"எல்லாம் சரிங்க, அந்த எடத்துல எதுக்கு அடிக்கிறீங்க?"

"எதுக்குன்னா? அடிக்க முடியுது, அடிக்கிறேன்."

"பேச முடியுதுன்னுதான் எதிர்வீட்டு அக்காவும் பேசிட்டே இருக்காங்க."

அதோடு பாடம் நின்றது.

அவளைத் தேவதை என்று நான் சொல்லவில்லை. அவள் துவைத்த துணியில் சோப்பு போகாது. ஒரு வேலை சொன்னால் இரண்டு கேள்வி கேட்பாள். அடுப்படியில் எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. அது எங்கள் வீட்டுச் சண்டை, உங்களுக்குப் பங்கு கிடையாது.

போன மழைக்காலத்தில், அந்தப் பெட்டியோடு போட்டி போட்டே என் மகனுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு உட்கார வைத்தார். குழுவுக்குத் தலைவன் அந்தப் பாட்டுக்காரன்தான். வாசலில் நின்று மூச்சிரைத்தபடி, "ஒன் வீட்டம்மாவ அனுப்புப்பா, தாளம் விழாம பாத்துக்கிட்டாப் போதும்" என்றான். மகன் சிரித்துக்கொண்டே சரி என்றான். அவள் சொதப்பினால்தானே இவன் அருமை ஊருக்குத் தெரியும்!

முதல் நாள் போய் வந்தவள், "அத்தை, கூடம் பூரா டைல்ஸ். பெரிய டிரம்ம ஒரு மிதி மிதிச்சா, அடுத்த வரி வரைக்கும் முழங்குது" என்றாள். மறுநாள் கட்டிலில் இருந்த தன் தலையணையை இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். டிரம்முக்குள் திணிக்க! உள்ளே மெத்தென்று ஒன்று இருந்தால் 'டும்' விழுந்த இடத்திலேயே நிற்குமாம், கூடமெல்லாம் அலையாதாம். தூங்கத் தலைக்கு வேண்டுமே என்று திரும்பக் கொண்டுவருவாள். தையல்காரி கண்ணால் கண்ட அதிசயம் இதுதான்.

நானும் ஒரு சாயங்காலம் போனேன். சமையலறைக் கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அவள் கொஞ்சமாகத்தான் அடித்தாள். பாட்டுக்காரன் மூச்சு வாங்கிய இடத்தில் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தாள். அவன் அடுத்த வரியை எடுக்கும்போது ஒரு டும், முதுகில் கைவைத்துப் படி ஏற்றிவிடுகிற மாதிரி. கிழவனுக்குக் குரல் எங்கிருந்துதான் வந்ததோ! நாற்காலி எல்லாம் காலி. சாப்பிட வந்தவர்கள்கூட எழுந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அன்று காலைதான் அவளோடு சண்டை போட்டிருந்தேன். என் செருப்புக்கு அது தெரியவில்லை, தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்டான். "ஒருத்தனாவது அவளுக்குக் கை தட்டினானாம்மா?"

"ரெண்டு கையும் ஜோடியப் பிடிச்சிருக்குடா. எதக்கொண்டு தட்டுவான்?"

கட்டு அவிழ்ந்தது. பாட்டுக்காரன் மறுபடி வந்தான். "வெள்ளிக்கெழம மட்டும் நீ வந்து வித்தையக் காட்டுப்பா. மத்த நாள் அவளே உக்காரட்டும். எனக்கு மூச்சு விட எடம் கெடைக்குது."

அவன் தெரு தாண்டியிருக்க மாட்டான். கிளம்ப நின்றவள் கையிலிருந்த தலையணையை என் மகன் பிடுங்கிக் கட்டிலில் வீசினான். தையல் பிரிந்து பஞ்சு வெளியே வந்தது.

"தலையணை தலைக்குத்தான். இந்த வீட்டுக்கு ஒரு டிரம்மர் போதும். இங்க இருக்கணும்னா இனிமே குச்சியத் தொடக்கூடாது."

"சரிங்க" என்றாள்.

ஜெயித்துவிட்டோம் என்று ரப்பர் தட்டின் முன் போய் உட்கார்ந்தான் புத்திசாலி. எதற்குச் சரி என்றாள் என்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் தலையணையோடு என்னிடம் வந்தாள். "இதக் கொஞ்சம் தெச்சுக் குடுங்க அத்தை. உங்க தையல்தான் கெட்டியா நிக்கும்." அவள் என்னை மெச்சியது அன்றுதான். பஞ்சை உள்ளே தள்ளி, இரட்டை நூல் கோர்த்துத் தைத்தேன்.

"எங்கடி போற?"

"கூடத்துக்குப் பின்னால டிக்கெட் கிழிக்கிற அக்காவோட ரூம் இருக்கு. ரெண்டு பேரு தங்கலாம்."

"ஒனக்குச் சமைக்கத் தெரியாதே."

"அவங்களுக்கும் தெரியாதாம் அத்தை."

உள்ளே டிக் டிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தோளில் துணிப்பை, மறுகையில் தலையணை, இடுப்பில் செருகிய குச்சிகளோடு அவள் வாசலைத் தாண்டினாள். தையல்காரி எதிரே தயாராக நின்றிருந்தாள்.

"என்னம்மா, பகல்லயே தலையணையோட கெளம்பிட்ட?"

"வெறும் சத்தமா வந்துச்சுன்னா உள்ள ஒண்ணு திணிக்கணும்கா. உங்களுக்கும் ஒண்ணு தரட்டுமா?"

தையல்காரிக்கு வாய் அடைத்தது அன்று ஒரு நாள்தான். அந்தக் கோபத்தில்தான் இந்தக் கதையைக் கட்டிவிட்டிருக்கிறாள்.

ஓடினாளாம்! வாசல்படியில் நின்று பார்த்தவள் நான். தெருமுனை வரைக்கும் நடந்துதான் போனாள், நிதானமாக.