அக்காவின் வலது கால்

என் அக்கா தையல்காரி. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே சண்டையும் போடக்கூடியவள். மூன்றாவது பிரசவம் நெருங்கியபோது, பழைய சிசேரியன் தழும்புக்குள் நஞ்சுக்கொடி வேர் ஓடியிருப்பதாக டாக்டர் சொன்னார். ரத்தம் வெள்ளமாய்ப் போகலாம். ஆகவே தொடை வழியாக ரத்தக்குழாய்க்குள் சின்ன பலூன் ஒன்றைச் செலுத்தி, குழந்தையை எடுத்ததும் ஊதி, ஓட்டத்தை அடைப்பார்களாம்.

"பாப்பாவுக்கு இப்பவே பலூன் வாங்கியாச்சு," என்றாள் அக்கா. பஸ் ஓட்டும் அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெண் குழந்தை. கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று, அக்கா பிழைத்தாள். பலூனையும் எடுத்துவிட்டார்கள். வார்டில், மயக்க ஊசியால் மரத்திருந்த இடுப்புக்கு உணர்வு திரும்பும் நேரத்தில், "என்னங்க, வலது பாதம் மட்டும் சில்லுன்னு இருக்கு," என்றாள்.

அத்தான் பையைத் துழாவித் தன் தடித்த கம்பளிக் காலுறைகளை எடுத்து இரண்டு பாதங்களிலும் மாட்டிவிட்டார். அந்தக் கதகதப்பை நினைத்தே அவள் தூங்கிப்போனாள்.

பாதத்தில் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டிய நர்ஸ் வந்தாள். தொடையில் போட்டிருந்த கட்டுத்துணியில் ரத்தக் கசிவில்லை. காலுறையைப் பார்த்தாள்.

"சாக்ஸ் போட்டுட்டீங்களா? நல்லது. தூங்கட்டும், எழுப்ப வேணாம்," என்று பாதத்தைத் தொடாமலே போய்விட்டாள்.

அக்கா வலியில் அலறிக்கொண்டு விழித்தாள். காலுறையை உருவினால், பாதம் சுண்ணாம்பாய் வெளுத்து, விரல்நுனிகள் நீலம் பாரித்துக் கிடந்தன. தொடையில் பலூன் நுழைந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது. உடனே அறுத்து அடைப்பை எடுத்தார்கள். ஆனாலும் பாதத்துக்கு உயிர் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா..." என்று டாக்டர் என்னிடம் இழுத்தார்.

அக்காவிடம் சொன்னேன். "உங்க அத்தான் காதுல போட்டுடாதடி," என்றாள். "எப்படியும் போயிருக்கும்னே அவர் நினைக்கட்டும்."

அவர் அப்படி நினைக்கவில்லை. குழந்தைக்குக் கூட அவர் காலுறை மாட்டுவதில்லை. உள்ளங்கைக்குள் அதன் பாதத்தை வைத்துச் சூடேற்றிக்கொண்டிருப்பார்.

துணி தைக்க வருகிறவர்கள் உச்சுக்கொட்டினால் அக்கா விடமாட்டாள். "காலைக் குடுத்துப் பொண்ணை வாங்கினேன். பேரம் மோசமில்லையே?" என்பாள். அவர்கள் சிரித்துவிடுவார்கள்.

ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அத்தான் குழந்தையோடு வாசற்படியில் நின்றிருந்தார். சிரிக்கவும் தெரியாமல், போகவும் முடியாமல்.

அதற்குப் பிறகு யார் உச்சுக்கொட்டினாலும் அவள் அளவெடுக்கும் நாடாவை எடுத்து, "கையைத் தூக்குங்க," என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.