தைப்பூசத்தன்று வந்த பாட்டு

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் பச்சை வேட்டி கட்டிய ஒருவர். தலை முழுக்க நரை, மீசைக்கு மட்டும் மை. பஸ் கிளம்பியதும் இயர்போனின் ஒரு முனையைச் சட்டை நுனியில் துடைத்து என்னிடம் நீட்டினார். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் நீட்டுவார் போல.

"ஏனுங்க, ஒரு பாட்டு கேளுங்க. நான் பாடுனதுங்க. இன்னைக்குத்தான் ஆல்பத்த நெட்ல உட்டிருக்கேன்."

அன்று தைப்பூசம். முருகன் பாட்டு போடுகிற அத்தனை பேரும் அந்த ஒரே நாளில்தான் ஆல்பம் வெளியிடுவார்கள். காலையிலிருந்து என் போனுக்கே ஐந்தாறு வந்துவிட்டன. இவர் குரல் மோசமில்லை. ஆனால் அந்த ஐந்தாறோடு கலந்துவிட்டால் எது இவருடையது என்று என்னால் சொல்ல முடியாது.

வருசா வருசம் தைப்பூசத்துக்கே வெளியிடுகிறாராம். யாரும் கேட்பதில்லையாம்.

"இந்தக் கூட்டத்துல உட்டா யாருக்குங்க தெரியும்? ஒரு மாசம் முன்னாடியே உடலாமுங்களே" என்றேன்.

போனில் பாட்டை நிறுத்தினார்.

"இன்னைக்கு உட்டா, கூட்டத்துல காணாமப் போச்சுன்னு சொல்லிக்கலாமுங்க. தனியா ஒரு நாள்ல உட்டு, அப்பவும் யாரும் கேக்கலைன்னா என்னன்னுங்க சொல்லிக்கறது?"

கிணத்துக்கடவு வந்ததும் இயர்போனை மறுபடி துடைத்துச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் பேரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

இப்போதும் தைப்பூசத்தன்று போனில் அவரைத் தேடிப் பார்க்கிறேன். எல்லா ஆல்பத்தின் முகப்பிலும் முருகன்தான் நிற்கிறார்.