உள்ளங்காலில் ஒரு மச்சம்

ஆறாம் வகுப்பில்தான் எங்களுக்கு ஆங்கிலம் ஆரம்பித்தது. டீச்சர் ‘நோஸ்’ என்றால் எல்லோரும் மூக்கைத் தொட வேண்டும், ‘சின்’ என்றால் மோவாயை. ‘சீக்’ என்றதும் வகுப்பே இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொள்ளும். நான் வலது கன்னத்தை மட்டும் தொடுவேன். என் இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே தொடங்கிக் கழுத்து வரைக்கும் தீக்காயத் தழும்பு. டீச்சர் கண்டும் காணாததுபோல அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். அதுவே எனக்குப் பெரிய அவமானமாக இருக்கும்.

காயம் பட்டது எங்கள் ஊர் அச்சங்குளத்தில். அம்மா வெடி ஆபீசில் வேலை பார்த்தாள். பட்டாசு செய்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் பேர். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாள். காயப்போட்டிருந்த வெடிமருந்து குப்பென்று பற்றிக்கொண்டது. எனக்கு ஒன்றும் நினைவில்லை. அம்மாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. யாராவது என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் அவள்தான் தலையைக் குனிந்துகொள்வாள். அவளைப் பார்த்துத்தான் நானும் குனியப் பழகினேன்.

விருதுநகரில் கிறிஸ்தவர்கள் நடத்திய பள்ளியில், போர்டிங்கில் தங்கிப் படித்தேன். எட்டாம் வகுப்பில் ஆளை வர்ணிக்கிற சொற்கள் வந்தன. ஃபேர், டார்க், டால், லீன். பக்கத்தில் இருப்பவளைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்தவள் ஐந்தையும் என் தலைமுடியைப் பற்றியே எழுதினாள். நீளமான முடி, கறுப்பு முடி, அடர்த்தியான முடி, எண்ணெய் வைத்த முடி, பின்னிய முடி. நல்ல பிள்ளை, என் மனம் நோகக் கூடாது என்று பார்த்திருக்கிறாள். எனக்கு அதுதான் நொந்தது. உள்ளதை எழுதித் தொலைத்திருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும்.

அந்தக் காலத்தில் பதினோராம் வகுப்புதான் பள்ளியில் கடைசி. அதில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் எழுதுகிற வேளை வந்தது. ஆளுக்கு இரண்டு அடையாளம். ஒரு தடவை எழுதினால் ஆயுசுக்கும் அதுதான், எங்கே வேலைக்குப் போனாலும் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள் என்று டீச்சர் சொன்னார். அதையே பாடமாகவும் ஆக்கிவிட்டார். மச்சத்துக்கு மோல், தழும்புக்கு ஸ்கார், முழங்கைக்கு எல்போ என்று கரும்பலகை நிறைய எழுதிப்போட்டு, திங்கட்கிழமை ஒவ்வொருத்தியும் தன் அடையாளத்தை முழு வாக்கியமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும் என்றார். போர்டிங் முழுக்க மச்சம் தேடினார்கள். ஒருத்தி பிடரியை இன்னொருத்தி பார்த்தாள். என்னிடம் மட்டும் யாரும் வரவில்லை. இவளுக்குத் தேடுகிற வேலை எதற்கு என்று நினைத்திருப்பார்கள். கோபம் கோபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மா தலைக்கு ஊற்றிவிட்டுக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

“அத எழுதிராத தாயி. அது நான் செஞ்ச வேல. ஒன் அடையாளம்னு எழுதிராத.”

பிறகு அவளே தேட ஆரம்பித்தாள். வயசுக்கு வந்த பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கூச்சத்தில் நெளிந்தேன். கையில் இல்லை, தோளில் இல்லை. முழங்காலுக்குப் பின்பக்கம் ஒன்று இருந்தது. இடது உள்ளங்காலில் கடுகு போல ஒன்று. இரண்டுமே நாலு பேர் முன்னால் காட்ட முடியாத இடம். அம்மாவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. புதையல் எடுத்தவள் மாதிரி சிரித்தாள்.

மறுநாள் என் முறை வந்ததும் டீச்சர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே பேனாவை மையில் தொட்டார். “அது வேண்டாம் டீச்சர்” என்றேன். உள்ளங்கால் என்று தமிழில்தான் சொன்னேன், அதற்கு ஆங்கிலம் எனக்குத் தெரியாது. ‘சோல்’ என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். காலைப் போய் யார் பார்ப்பார்கள் என்று மெதுவாகக் கேட்டார். நான் முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற மச்சத்தையும் சொன்னேன், இரண்டையும் எழுதிவிட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அடுத்த வருஷம் ஆசிரியப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நேர்முகம் விருதுநகரிலேயே நடந்தது. அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட வந்தாள். ரயிலை விட்டு இறங்கி, மிளகாய் வண்டிகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே நடந்தோம். உள்ளே மேசைக்குப் பின்னால் ஆண்களாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் புத்தகத்தைப் படித்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

“மொகத்துலயே இருக்கேம்மா. இத ஏன் எழுதல?”

அதட்டவில்லை, புரியாமல்தான் கேட்டார். எழுதியிருப்பதைத்தான் பார்த்தாக வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். முழங்காலைக் காட்ட முடியாது, செருப்பைக் கழற்றினேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, சேலையைக் கணுக்கால் தெரியாமல் இழுத்துப்பிடித்து, மூன்று பெரிய மனிதர்களுக்கு என் உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினேன். தெருப்புழுதி அப்பிக்கிடந்ததில் மச்சம் தெரியவில்லை. கையால் துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினேன். நடுவில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “போதும்மா, போதும், காலக் கீழ போடுங்க” என்றார். அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தில் கால் பங்குகூடக் கன்னத்தால் பட்டதில்லை.

அம்மா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இடம் கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை.

“மொகத்தப் பத்திக் கேட்டாகளா?”

“இல்லம்மா. காலத்தான் பாத்தாக.”

அம்மாவின் தலை நிமிர்ந்தது. “இம்புட்டுப் புழுதியோடயா காட்டுன” என்று சொல்லிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து, என் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, முந்தானையால் துடைத்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு மறுபடியும் வெட்கமாகத்தான் இருந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், காலை எடுக்கவில்லை.